இங்கை இரு, வாறன்

அந்த ஹோட்டலின் காலைச் சாப்பாட்டைப் பற்றி எவரும் குறை சொல்ல முடியாது. சூடான பாண், அத்திப்பழ ஜாம், அவித்த முட்டை, சிறிய தட்டில் இரண்டு வகைச் சீஸ். கோப்பி மட்டும் கொஞ்சம் கடுமை. பதினொரு அறைகள் கொண்ட பழைய வீடு அது. லிஃப்ட் இல்லை. ஃபெராரா நகரத்தின் பழைய மதிலுக்குப் பக்கத்தில், கார் நுழையச் சிரமப்படும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. எங்களுக்குத் தந்தது இரண்டாம் மாடியில் ஏழாம் இலக்க அறை. நானும் என் மனைவி றீற்றாவும் அங்கே நான்கு இரவுகள் தங்கினோம். முப்பத்துநான்கு வருடத் திருமண வாழ்க்கையில் நாங்கள் சேர்ந்து ஹோட்டலில் தங்கியது அதுதான் முதல் தடவை.

தமிழில் எழுத அனுமதித்ததற்கு நன்றி. இங்கே ஜெர்மனியில், கார்ஹிங் என்ற ஊரில் ஒரு கன்ரீனில் இருபத்தொன்பது வருடம் வேலை செய்தவன் நான். என்னுடைய ஜெர்மன் குசினி ஜெர்மன். உருளைக்கிழங்கைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் அதில் பேசலாம், மனைவியைப் பற்றிப் பேசப் போதாது. மொழிபெயர்க்கும் சுஜானி இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. இடையில் அவர் நிறுத்தினால் தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

றீற்றா யாழ்ப்பாணத்தில் பாசையூரைச் சேர்ந்தவள். கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் வீடு. 1991இல் என்னைக் கட்டுவதற்காக இங்கே வந்தாள். அதற்கு முன் நான் அவளைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். அவள் நல்ல மனைவி. இதை நான் எவரிடமும் மறைத்ததில்லை. ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. நான் வேலையால் வரும்போது சாப்பாடு சூடாக இருக்கும். கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காத ஒன்றைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவளுடைய சுபாவம் அப்படி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்தாள், எங்கள் ஒரே மகள் கம்சனாவைப் படிப்பித்து ஆளாக்கினாள். கம்சனா இப்போது டிரெஸ்டனில் ஆராய்ச்சி வேலை பார்க்கிறாள்.

மறதி நோய் றீற்றாவுக்கு ஐம்பத்தேழாம் வயதில் வந்தது. முதலில் ஜெர்மன் போனது. பிறகு கிழமைகள், பிறகு குசினி, பிறகு நான்.

சென்ற வருடம் சித்திரை மாதத்தில் ஒரு காலை, நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றேன். அவள் வந்து பின்னால் நின்று என் கையைப் பிடித்தாள். அவளாக என் கையைப் பிடித்தது அதற்கு முன் எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

"தபோ, வந்திட்டீங்களே?" என்றாள். "இவ்வளவு நாளும் எங்கை போனனீங்கள்?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி பேசுவதுபோல இருந்தது. நான் இரத்தினம் என்று சொன்னேன். அவள் முகம் அப்படியே சாத்திக்கொண்டது. கையை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த ஒரு பிற மனிதரிடம் கேட்பதுபோல, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். முப்பத்துநான்கு வருடமும் நான் பார்த்தது அந்த முகத்தைத்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. நோயாளியிடம் கோபப்பட்டு என்ன பயன்? விவரம் அறிய வேண்டும் என்றுதான் கனடாவில் இருக்கும் அவளுடைய தமக்கை கொறற்றிக்கு ஃபோன் எடுத்தேன்.

"தபோ எண்டது ஆர், அக்கா?"

கொறற்றி திருப்பிக் கேட்டார். "இப்ப ஏன் இதைக் கேக்கிறீங்கள்? அது செத்துப்போனவன்ரை கதை."

"அவ என்னைத்தான் தபோ எண்டு கூப்பிடுறா. நான் அறிய வேணும்."

பிறகு சொன்னார். தபோதரன் பக்கத்து ஊர்ப் பெடியன். அவன் சைவம், இவர்கள் கத்தோலிக்கர். அதனால் இரண்டு வீட்டிலும் சம்மதம் இல்லை. 1985இல் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனான். போகும்போது றீற்றாவைக் கோயிலடியில் நிற்கச் சொல்லி, திரும்பி வந்து கூட்டிப்போவதாகச் சத்தியம் செய்து கொடுத்தான். அந்த வள்ளம் கரை சேரவில்லை. நேவி சுட்டதாகச் சிலர் சொன்னார்கள், கவிழ்ந்ததாகச் சிலர் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை. "இவள் நம்பேல்லை. ஆறு வருசமா ஒவ்வொரு பின்னேரமும் போய்க் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தவள். அதுக்குப் பிறகுதான் உங்கடை சம்பந்தம் வந்தது. ஒண்டும் பேசாமல் ஓம் எண்டவள்."

நான் நன்றி சொல்லி ஃபோனை வைத்தேன்.

அடுத்த கிழமை அவள் குளிக்க மறுத்து, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். நான் அரை மணித்தியாலம் தட்டினேன். கடைசியில், "றீற்றா, நான் தபோ வந்திருக்கிறன்" என்று சொன்னேன். உடனே கதவு திறந்தது. அதன் பிறகு வேலைகள் இலகுவாகின. தபோவுக்காகச் சாப்பிட்டாள், மருந்து குடித்தாள், சீப்பெடுத்துத் தலை இழுத்தாள். என் தோளில் சாய்ந்துகொண்டு கோயில் பாட்டு ஒன்று பாடினாள். அவளுக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் அசையாமல் இருந்தேன். இதை ஏமாற்று என்று நீங்கள் சொல்லக்கூடும். டொக்ரரே நோயாளியோடு வாதாட வேண்டாம், அவர்களுடைய உலகத்துக்குள் போங்கள் என்றுதான் சொன்னார். நான் போனேன்.

ஆவணியில் கம்சனா வந்தாள். இரண்டு நாட்கள் தாயோடு இருந்தாள். போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"அப்பா, ஆர் அந்த தபோதரன்? அம்மா முழு நேரமும் அவரைப் பற்றித்தான் கதைக்கிறா."

"வருத்தத்திலை சொல்லுறா. அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"இல்லையப்பா, அம்மா எவ்வளவு சந்தோசமா இருக்கிறா தெரியுமே? நான் சின்னனிலையிருந்து அவவை இப்பிடிப் பாத்ததே இல்லை." அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. தாயின் சந்தோசத்துக்காகக் கலங்கியிருந்தது. தகப்பன் வாசலில் நிற்கிறான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் அப்படித்தான், நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அவள்தான் டிரெஸ்டனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் எடுத்தாள். அன்ராக் என்கிற விண்ணப்பங்கள் எல்லாம் நிரப்பி அனுப்பி, மாசி இரண்டாம் திகதி தாயைக் கொண்டுவந்து சேர்க்க ரெர்மின் என்று சொன்னாள். நல்ல இடம், தோட்டம் இருக்கிறது, தன் வீட்டிலிருந்து ட்ராமில் பத்து நிமிடம் என்றாள். நீங்கள் நேற்றுக் கேட்டது இதைத்தான். நல்ல இடம் கிடைத்த பிறகும் ஏன்? நான் யோசித்துப் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். அந்த இல்லத்தில் றீற்றா யன்னலடியில் இருந்து, வருகிற போகிற தாதிகளிடமெல்லாம் தபோதரனைப் பற்றிச் சொல்வாள். கம்சனா ஒவ்வொரு பின்னேரமும் போய்க் கேட்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்த மனிதனைப் பிடித்துவிடும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கொத்தோடு போய், என்னை யாரென்று கேட்பதற்காகக் காத்திருக்க வேண்டும். இது எவருக்கும் நல்லதல்ல என்று எனக்குப் பட்டது.

றீற்றாவை இத்தாலிக்குக் கூட்டிப்போகிறேன், பதுவை அந்தோனியாரைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம் என்று கம்சனாவிடம் சொன்னேன். அவள் சந்தோசப்பட்டாள். "அம்மாவுக்குத் தடிச்ச கோட்டைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். அந்தக் கோட்டின் உள்பக்கத்தில், தாய் வழி தவறினால் உதவும் என்று, பெயரையும் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தையும் ஒரு துணியில் எழுதி அவள் தைத்திருந்தாள். கவனமான பிள்ளை. அந்தத் துணியைப் பிரித்தால் தையல் அடையாளம் தெரியும். ஆகவே கோட்டை அலுமாரியில் கொழுவிவிட்டு, இலையுதிர் காலத்துக்கு வாங்கிய மெல்லிய ஜாக்கெட்டை எடுத்து வைத்தேன். அதில் கடையின் பெயர் மட்டும் இருந்தது. அதை வெட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஃபெராராவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அமைதியான நகரம். எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள், எவரும் ஹோர்ன் அடிப்பதில்லை. அந்த நாட்களில் காலையும் மாலையும் பனிப்புகார் இறங்கி, எதிர்வீட்டுக் கதவுகூட மங்கலாகத் தெரிந்தது. அங்கே தமிழர்கள் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. போவதற்கு முன் விசாரித்திருந்தேன்.

ஹோட்டல்காரி வெரோனிக்கா அறுபது வயதுப் பெண். எங்களுடைய பாஸ்போர்ட்டுகளைப் பதிந்துவிட்டு, அறையைத் தானே வந்து காட்டினாள். றீற்றா மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்த துணிகளை எல்லாம் எடுத்து, சலவை நிலையத்தில் செய்ததுபோல மூலைக்கு மூலை சரிபார்த்து மடித்து அடுக்கினாள். நான் தடுக்கப் போனேன். வெரோனிக்கா என்னைக் கையால் மறித்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு கூடை துணி கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி இத்தாலியனில் கதைத்தாள், மற்றவள் தமிழில் கதைத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை சொன்னபடியே பதுவைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினோம். நான் சொன்ன சொல்லை மீறுகிறவன் அல்ல.

செவ்வாய்க்கிழமை நகரத்தின் நடுவில் உள்ள கோட்டைக்கு முன்னால், ஆட்கள் இருக்கப் போட்டிருந்த ஒரு வாங்கில் அவளை இருத்தினேன். "றீற்றா, நான் உன்ரை மனுசன் இரத்தினம். இங்கை இரு, வாறன்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த கோப்பிக் கடைக்குள் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எழும்பிவிட்டாள். நாயோடு வந்த ஒரு கிழவி ஏதோ கேட்க, அவளுடைய கையைக் கோத்துக்கொண்டு சந்தோசமாக நடக்கத் தொடங்கினாள். நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். கிழவி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். றீற்றாவும் அப்படித்தான் பார்த்தாள்.

புதன்கிழமை அதே வாங்கு. இந்த முறை அவளுக்கு முன்னால் குந்தியிருந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"றீற்றா, நான் தபோ. இங்கை இரு, வாறன். ஆர் கூப்பிட்டாலும் போகக் கூடாது. நான் வந்துதான் கூட்டிக்கொண்டு போவன்."

"சத்தியமா வருவீங்களே?"

"சத்தியமா."

"அப்ப நான் இருக்கிறன்" என்றாள்.

இருந்தாள். நான் அதே கடையில் கோப்பி குடித்தேன், பிறகு ஒரு சூப் குடித்தேன். பதினொரு மணியளவில் தூறல் தொடங்கியது. ஆட்கள் அவளருகில் நின்று குடை பிடித்துப் பேசிப் பார்த்தார்கள். அவள் தலையாட்டி மறுத்து, மரியாதையாகச் சிரித்தாள். ஒரு பொலிஸ்காரி வந்து கேட்டபோது, கோட்டை வாசலைக் கையால் காட்டினாள். யாரோ வருகிறார்கள் என்று எண்ணிப் பொலிஸ்காரி போய்விட்டாள். மழையில் நனைந்தாள். ஒரு கட்டத்தில் இருந்த இடத்திலேயே சலம் போய்விட்டது, வாங்குக்குக் கீழே வடிந்தது, அப்போதும் அவள் எழும்பவில்லை. நான்கு மணித்தியாலம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக எவரும் எப்போதாவது நான்கு மணித்தியாலம் காத்திருந்தார்களா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு போனேன். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் வந்ததை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

ஹோட்டலுக்கு வந்தபோது வெரோனிக்கா எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள். றீற்றாவை அடுப்படிக்குக் கூட்டிப்போய், ஈர உடுப்பை மாற்றி, கால்களைத் துவாயால் தேய்த்துச் சூடாக்கினாள். என்னிடம் கைபேசியில் எதையோ தட்டி, அதை ஜெர்மனில் காட்டினாள். "உங்கள் மனைவிக்குக் குளிர்கிறது. உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று இருந்தது. தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை அறையைக் கொடுத்தோம். வெரோனிக்கா வாசல் வரை வந்து, தன்னுடைய சிவப்புக் கம்பளிச் சால்வையைக் கழற்றி றீற்றாவின் கழுத்தில் சுற்றிவிட்டு, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். நல்ல பெண். நகரத்தைத் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தி, சால்வையைக் கழற்றிப் பின்பெட்டியில் வைத்தேன். அந்த ஊரில் பின்னிய சால்வை என்று யாராவது கண்டுபிடித்தால் பிரச்சினை. நீங்கள் அதை அங்கே கண்டெடுத்தபோது, மறைக்க முயன்றேன் என்று எழுதினீர்கள். மறைக்க நினைத்திருந்தால் எறிந்திருப்பேன். அது நல்ல கம்பளி.

கடற்கரை ஒரு மணித்தியால ஓட்டம். கோடையில் சனம் நிறைந்திருக்கும் இடமாம். தை மாதத்தில் எல்லாக் கடைகளும் பூட்டி, குடைகளைக் கழற்றி, கொட்டில்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். மணலோரத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு சீமெந்து வாங்கு இருந்தது. றீற்றா கடலைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். கேட்காமல் தானாகவே போய் அந்த வாங்கில் இருந்தாள்.

"தபோ, வள்ளம் எங்கை?"

"நான் போய் எடுத்துக்கொண்டு வாறன். நீ இங்கை இரு. ஆர் கூப்பிட்டாலும் போகக் கூடாது."

"தெரியும்" என்றாள். "நீங்கள் கவனமாப் போயிட்டு வாங்கோ."

அவளுடைய ஜாக்கெட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டேன். அப்போது மணி ஒன்று பத்து. நான் காருக்குப் போனேன்.

பிரென்னர் கணவாய்க்கு முன் ஒரு கடையில் நிறுத்திச் சூப் குடித்தேன். இரவு ஒன்பது மணியளவில் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் கம்சனா ஃபோன் எடுத்து, தாயோடு பேச வேண்டும் என்றாள். "அம்மா நித்திரை, பிள்ளை. களைச்சுப் போனா" என்றேன். சனிக்கிழமையும் நித்திரை என்றேன். ஞாயிற்றுக்கிழமை, "எழுப்புங்கோ அப்பா, எனக்கு அவவின்ரை குரலை ஒருக்காக் கேக்க வேணும்" என்றாள். எழுப்ப ஏலாது என்று சொன்னேன். அது பொய்யல்ல.

மிச்சத்தை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். வியாழன் பின்னேரம் மீன்பிடிக்காரன் ஒருவன் அவளைக் கண்டு, வந்து தன் வாகனத்தில் ஏறச் சொல்லியிருக்கிறான். அவள் தலையாட்டிச் சிரித்துவிட்டுக் கடலைக் காட்டினாளாம். யாரையோ எதிர்பார்த்திருக்கிறாள் என்று நினைத்து அவன் தேமொஸில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். விடிந்ததும் அவனே திரும்ப வந்து பார்த்திருக்கிறான். வாங்கில் இருந்தபடியே இருந்திருக்கிறாள். கோப்பை மடியில் இருந்ததாம். சனிக்கிழமைப் பத்திரிகையில் வந்த படத்தை வெரோனிக்கா பார்த்தாள். எங்களுடைய பாஸ்போர்ட் விவரம் அவளிடம் இருந்தது. திங்கட்கிழமை நீங்கள் என் வீட்டு மணியை அடித்தீர்கள்.

இத்தாலியர்கள் வயது போனவர்களை நன்றாகப் பார்ப்பார்கள், கன்னியாஸ்திரிகளின் மடம் ஒன்றில் அவளைச் சேர்ப்பார்கள் என்று நம்பித்தான் விட்டேன் என முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பிறகு, அப்படியானால் யாரோடும் போகக் கூடாது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டீர்கள். நான் தண்ணீர் கேட்டேன். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அன்று காலை முட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் அந்தக் கடற்கரையின் காலநிலையைப் பார்த்தேன். இரவு பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகை என்று இருந்தது. ஜாக்கெட் மெல்லியது என்று தெரியும். அவள் எழும்ப மாட்டாள் என்றும் தெரியும், அதைப் புதன்கிழமை பார்த்துவிட்டேன். தெரிந்துகொண்டுதான் இருத்தினேன். அவள் செத்துப்போக வேண்டும் என்றுதான் இருத்தினேன். இதன் கீழே கையெழுத்து வைக்க எனக்கு ஆட்சேபனை இல்லை.

கம்சனா என்னைப் பார்க்க வரவில்லை. வரமாட்டாள் என்று அவளுடைய வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். அவளுக்கு நேரம் வேண்டும், நான் பொறுத்திருப்பேன்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். நீங்கள் தயாரித்த பத்திரத்தின் மூன்றாம் பந்தியில், நான் என் மனைவியைக் கைவிட்டுச் சென்றதாக எழுதியிருக்கிறது. சுஜானி அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அது சரியல்ல. முப்பத்துநான்கு வருடமும் ஒரு நாள் தவறாமல் வேலை முடிய வீட்டுக்கு வந்தவன் நான். வருகிறேன் என்று சொல்லி அவளை இருத்திவிட்டு வராமல் போனவன் தபோதரன். அவனுடைய பெயரை எழுதுங்கள்.